அப்பா அம்மா கையெழுத்துப் போட முடிகிறபோதே: சென்னைக் குடும்பங்களுக்கு உயில், சொத்து, முதுமை ஏற்பாடுகள்

உயில், சொத்து என்று பேச்செடுத்தாலே பல வீடுகளில் அது “யாருக்கு எவ்வளவு” என்பதில் போய் நின்றுவிடுகிறது. அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. நாளைக்கே அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சும் நினைவும் போய்விட்டால், அவர் பெயரில் இருக்கும் டெபாசிட்டை முடித்து மருத்துவமனைக்குப் பணம் கட்ட யாரால் முடியும்? நிறைய குடும்பங்களில் யாராலும் முடியாது. பணம் இருக்கும், எடுக்க வழி இருக்காது.

அதனால் இறப்புக்குப் பின் நடப்பதைவிட, பெற்றோர் உயிரோடு இருக்கும் கடைசிப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கே இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். இந்த ஏற்பாடுகள் முதலில் அவர்களுக்காக, பிறகுதான் பிள்ளைகளுக்காக.

புரிந்துகொள்ள வசதியாக ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அப்பாவுக்கு 76 வயது, அம்மாவுக்கு 70. நங்கநல்லூர் வீடு அப்பா பெயரில் இருக்கிறது. அண்ணா நகரில் வீட்டு வசதி வாரியம் ஒதுக்கிய சிறு ஃப்ளாட் அம்மா பெயரில். மகன் டல்லாஸில், மகள் வேளச்சேரியில். கொஞ்சம் வங்கி டெபாசிட், கொஞ்சம் மியூச்சுவல் ஃபண்ட், லாக்கரில் நகை.

பேச்சைத் தொடங்குவதும் காகிதங்களைத் திரட்டுவதும்

“உயில் எழுதிட்டீங்களா?” என்று பிள்ளை கேட்டால் பெற்றோரின் மனசு சுருங்கிவிடும். காகிதத்திலிருந்து தொடங்குங்கள். “அப்பா, வீட்டுப் பத்திரம், பாலிசி எல்லாம் எங்க இருக்குன்னு எனக்கும் அண்ணனுக்கும் ஒரு தடவை காட்டிடுங்கப்பா” என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். அப்போது பிள்ளைகள் எல்லோரும் இருக்கட்டும். வெளிநாட்டில் இருப்பவர் வீடியோ காலில் வரட்டும். ஒரு பிள்ளையை மட்டும் வைத்துப் பேசிய எதுவும் பின்னால் சந்தேகத்துக்கு விதையாகும்.

வீட்டுக்குத் தேவையானவை: விற்பனைப் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப் பத்திரங்கள், பட்டா அல்லது நகர நிலஅளவைப் பதிவேட்டின் நகல், வில்லங்கச் சான்று, கட்டட அனுமதி வரைபடம், சொத்துவரி ரசீது. வில்லங்கத்தைப் பதிவுத்துறையின் டி.என்.ரெஜிநெட் தளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். ஃப்ளாட்டாக இருந்தால் யூ.டி.எஸ்., அதாவது அதற்கு உரிய பிரிக்கப்படாத நிலப் பங்கு, எத்தனை சதுர அடி என்று பத்திரத்தில் பார்த்துக் குறித்து வையுங்கள்.

வீட்டு வசதி வாரிய ஃப்ளாட்டில் ஒரு கூடுதல் கவனம் தேவை. தவணை முழுவதும் கட்டி முடித்தும், வாரியத்திடமிருந்து விற்பனைப் பத்திரம் வாங்காமலே விட்டவர்கள் இருக்கிறார்கள். ஒதுக்கீட்டு ஆணை மட்டும் கையில் இருந்தால், அம்மா நடமாட முடிகிறபோதே பத்திரத்தை அவர் பெயரில் பதிந்துவிடுங்கள். அவர் காலத்துக்குப் பின் வாரிசுகள் எல்லோரும் சேர்ந்து பெயர் மாற்றம் கேட்டு அலைவது மிகக் கடினம்.

மூலப் பத்திரம் தொலைந்திருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள். காவல் நிலையத்தில் புகார், செய்தித்தாள் விளம்பரம், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று, பிறகு சார் பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் என்று பல வாரம் இழுக்கும். அதைத் தொலைத்தவரே உயிருடன் இருந்து செய்வதுதான் சுலபம்.

வங்கி: முதல் வாரத்திலேயே முடிக்கக்கூடிய வேலை

அப்பாவின் கணக்கில் அம்மாவையோ மகளையோ சேர்த்து, “இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்” என்ற முறையில் கூட்டுக் கணக்காக்குங்கள். டெபாசிட்டுகளுக்கும் அப்படியே. டெபாசிட்டில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஒருவர் இறந்துவிட்டால் மற்றவர் தவணைக்கு முன்பே முடித்துக்கொள்ளலாம் என்று இருவரும் சேர்ந்து வங்கியில் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். கேட்டால் படிவம் தருவார்கள், கேட்காவிட்டால் பெரும்பாலும் சொல்வதில்லை.

நியமனதாரர் (நாமினி) விஷயத்தில் 2025 நவம்பர் 1 முதல் புதிய விதி வந்திருக்கிறது. வங்கி டெபாசிட்டுக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம், ஒவ்வொருவருக்கும் எத்தனை சதவீதம் என்றும் சொல்லலாம். லாக்கருக்கும் நான்கு பேர் உண்டு, ஆனால் ஒருவருக்குப் பின் ஒருவர் என்ற வரிசையில் மட்டும்தான்.

நாமினிதான் சொந்தக்காரர் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. நாமினி பணத்தை வாங்கி உரிய வாரிசுகளிடம் சேர்க்க வேண்டியவர். பங்குகளைப் பொறுத்து உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் இதை மறுபடியும் உறுதி செய்தது. ஆயுள் காப்பீட்டில் மட்டும் 2015 திருத்தத்துக்குப் பிறகு ஒரு விலக்கு உண்டு: பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே உரியது. ஆகவே நாமினி பெயரும் உயிலும் ஒன்றோடொன்று முரண்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கை நடுங்கி அப்பாவின் கையெழுத்து மாறிவிட்டது என்பதற்காக வங்கி அவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. கையெழுத்துப் போட முடியாதவர் கைரேகையோ, அதுவும் முடியாவிட்டால் கால்விரல் ரேகையோ வைத்துப் பணம் எடுக்க ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. இரண்டு சாட்சிகள் வேண்டும், அவர்களில் ஒருவர் வங்கி அதிகாரி. 70 வயது கடந்தவர்களுக்கு வீடு தேடி வரும் வங்கிச் சேவையும் உண்டு. ஆனால் இவையெல்லாம் புத்தி தெளிவாக இருக்கிறவருக்குத்தான் பொருந்தும்.

உயில் இல்லாவிட்டால் என்ன நடக்கும்

நம் குடும்பம் இந்துக் குடும்பம் என்று வைத்துக்கொண்டால், அப்பா உயில் எழுதாமல் இறந்தால் நங்கநல்லூர் வீடு அம்மா, மகன், மகள் மூவருக்கும் சமபங்கு. அப்பாவின் தாயார் உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு. “வீடு அம்மாவுக்குத்தானே போகும்” என்று நினைத்துக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்குப் போய்விடுவதால், அம்மா தன் வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ டல்லாஸிலிருந்தும் வேளச்சேரியிலிருந்தும் கையெழுத்து வர வேண்டியிருக்கும்.

மகளுக்குப் பங்கில்லை என்ற பேச்சு இன்னும் சில வீடுகளில் கேட்கிறது. அப்பா சுயமாகச் சம்பாதித்து, உயில் எழுதாமல் விட்ட சொத்தில் 1956 முதலே மகளுக்குச் சமபங்கு. கூட்டுக் குடும்பப் பூர்வீகச் சொத்தில் தமிழ்நாடு 1989இலேயே திருமணமாகாத மகள்களுக்குப் பிறப்புரிமை கொடுத்தது. 2005 மத்தியத் திருத்தம் அதை எல்லா மகள்களுக்கும் விரித்தது. அப்பா அந்தத் தேதியில் உயிருடன் இருந்தாரா என்பது பொருட்டல்ல என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

பிள்ளையில்லாத பெண்கள் கட்டாயம் உயில் எழுத வேண்டும். கணவரை இழந்த, குழந்தையில்லாத இந்துப் பெண் தானே சம்பாதித்து வாங்கிய ஃப்ளாட்கூட, உயில் இல்லாவிட்டால் கணவரின் உறவினர்களுக்குத்தான் போகும். கடைசிவரை பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்ட தங்கைக்கோ தங்கை மகளுக்கோ எதுவும் வராது.

கிறிஸ்தவக் குடும்பங்களில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மீதி. முஸ்லிம் குடும்பங்களில் மற்ற வாரிசுகள் சம்மதிக்காவிட்டால் உயில் மூலம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடுக்க முடியாது. அவர்கள் அந்தச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைப் பார்த்துக்கொள்வது நல்லது.

உயில் எழுதுவது

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம். வெள்ளைத்தாளில், தமிழில், தன் கையாலேயே எழுதலாம். சட்டம் கேட்பது மூன்றுதான்: எழுதுபவர் தெளிந்த மனநிலையில் இருக்க வேண்டும், கையெழுத்திட வேண்டும், இரண்டு சாட்சிகள் அவர் கையெழுத்திடுவதைப் பார்த்தோ, அது தன் கையெழுத்து என்று அவர் சொல்லக் கேட்டோ தாங்களும் அவர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். உயில்கள் நீதிமன்றத்தில் தடுமாறுவது பெரும்பாலும் இந்தச் சாட்சி விஷயத்தில்தான்.

உயிலால் பயன் பெறுகிறவரோ அவருடைய கணவன் அல்லது மனைவியோ சாட்சியாக வேண்டாம். கிறிஸ்தவர்களின் உயிலில் அப்படிச் செய்தால் அவருக்கு எழுதியது செல்லாமலே போகும். அப்பாவின் நடைப்பயிற்சி நண்பர்களை அழைக்காதீர்கள். அப்பாவைவிட வயதில் நன்றாகச் சிறியவராக, சென்னையிலேயே வேர் ஊன்றியவராக, பின்னாளில் நீதிமன்றத்துக்கு வந்து சொல்லத் தயங்காதவராகப் பாருங்கள். குடும்ப மருத்துவரையே ஒரு சாட்சியாக வைத்து, அதே தேதியில் “இவர் புரிந்து முடிவெடுக்கும் நிலையில் இருக்கிறார்” என்று ஒரு சான்றும் வாங்கிவிட்டால் உயில் நல்ல பலம் பெறும்.

சொத்து விவரத்தில் சென்னைக்கே உரிய சிக்கல் கதவிலக்கம். பழைய எண், புதிய எண் இரண்டையும் எழுதுங்கள். சர்வே எண், பத்திர எண், ஆண்டு, எந்தச் சார் பதிவாளர் அலுவலகம், ஃப்ளாட்டாக இருந்தால் யூ.டி.எஸ். அளவு எல்லாம் வரட்டும். கடைசியில் “இதில் குறிப்பிடாத மற்ற எல்லாச் சொத்துகளும் இன்னாருக்கு” என்று ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால், உயிலுக்குப் பிறகு போட்ட டெபாசிட்டெல்லாம் உயில் எழுதாத சொத்தாகக் கணக்காகும். உயிலை நிறைவேற்றுபவர் ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். நம் குடும்பத்தில் வேளச்சேரி மகள்தான் அதற்குப் பொருத்தம்.

கணவர் எழுதும் உயில்களில் “மனைவி ஆயுள்வரை அனுபவித்துக்கொள்ள, பிறகு மகனுக்கு” என்ற வாசகம் மிக வழக்கமானது. நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அனுபவிக்கும் உரிமை மட்டும் உள்ள அம்மா, தன் சிகிச்சைக்குப் பணம் வேண்டுமென்றால்கூட வீட்டை விற்க முடியாது. போதாததற்கு, அப்படிப்பட்ட வாசகங்கள் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்கீழ் வருடக்கணக்கில் வழக்காகியிருக்கின்றன. மனைவிக்கு முழு உரிமையாக எழுதுங்கள். அம்மாவும் அதே நாளில் தன் உயிலைத் தனியாக எழுதட்டும்.

ஒரு பிள்ளைக்குக் குறைத்துக் கொடுப்பதாக இருந்தால் காரணத்தை ஒரு வரியில், கசப்பில்லாமல் எழுதுங்கள்: “மகனின் மேற்படிப்புக்கும் வீட்டுக்கும் ஏற்கெனவே உதவியிருப்பதால்” என்பது போல. காரணம் சொல்லாமல் பிள்ளையை விலக்கிய உயிலை நீதிமன்றமே கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கும்.

பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் பதிந்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். எந்தச் சார் பதிவாளர் அலுவலகத்திலும் பதியலாம். படுக்கையில் இருப்பவருக்காகப் பதிவாளர் வீட்டுக்கே வரவும் சட்டத்தில் இடமுண்டு. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை நகல் அவருக்கோ அவர் அதிகாரம் கொடுத்தவருக்கோ மட்டும்தான் தருவார்கள், ஆகவே ரகசியம் வெளியேறும் என்று பயப்பட வேண்டாம். பதிந்த பிறகும் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், கடைசியாக எழுதியதே செல்லும்.

சென்னை உயர் நீதிமன்றத்தின் நேரடி எல்லைக்குள் எழுதிய அல்லது அங்குள்ள அசையாச் சொத்தைப் பற்றிய இந்து உயிலுக்கு ப்ரொபேட், அதாவது உயில் உண்மையானது என்ற நீதிமன்றச் சான்று, வாங்கியே ஆக வேண்டும் என்பது நெடுங்கால நிலை. சென்னைக்காரர்கள் உயில் எழுதவே தயங்கியதற்கு அதுவும் ஒரு காரணம். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், அதைக் கட்டாயமாக்கிய, இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213ஆம் பிரிவை நீக்கிவிட்டது. ஆனாலும் வாரிசுகளுக்குள் தகராறு இருந்தால் நீதிமன்றம் போவதைத் தவிர்க்க முடியாது. பழைய உயிலை வைத்திருப்பவர்கள் தங்கள் நிலையை வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டை இப்போதே எழுதிக் கொடுத்துவிடலாமா?

பிள்ளைகள் பெயரில் செட்டில்மென்ட் எழுதிவிட்டால் பின்னால் தொல்லையில்லை, செலவும் குறைவு என்று பத்திர எழுத்தர்கள் சொல்வார்கள். செலவு குறைவு என்பது உண்மைதான். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்ட்டுக்கு முத்திரைத்தீர்வை 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000. இது 2023 ஜூலையில் உயர்த்தப்பட்ட அளவு, போகும் முன் பதிவுத்துறைத் தளத்தில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் செட்டில்மென்ட் உயிலைப் போன்றதல்ல. எழுதிக் கொடுத்து மகன் ஏற்றுக்கொண்ட நிமிடமே வீடு மகனுடையது. மனம் மாறினால் அப்பாவால் தானாக ரத்து செய்ய முடியாது. மகன் அதை அடமானம் வைக்கலாம், அவன் கடனுக்காக வங்கி வீட்டை எடுக்கலாம். அவன் அகாலத்தில் இறந்தால் பேரக்குழந்தைகளும் மருமகளும் பங்குதாரர்கள் ஆகலாம். நல்ல மகனாக இருந்தும் இவையெல்லாம் நடக்கும். இருப்பது ஒரே வீடு என்றால் அதை உயிரோடு இருக்கும்போது யாருக்கும் எழுதிக் கொடுக்காதீர்கள். உயில் போதும்.

எழுதியே ஆக வேண்டிய சூழ்நிலை என்றால் பத்திரத்தில் இரண்டு வாசகங்கள் இருக்கட்டும். ஒன்று, பெற்றோர் இருவருக்கும் ஆயுள்வரை அந்த வீட்டில் குடியிருக்கவும் வாடகை வாங்கவும் உரிமை. இரண்டு, அவர்களுடைய அடிப்படை வசதிகளையும் உடல் தேவைகளையும் பெறுபவர் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007இன் 23ஆம் பிரிவு, அந்த நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தையே செல்லாததாக்க வழி கொடுக்கிறது. நிபந்தனை பத்திரத்தில் இருந்தாக வேண்டுமா என்பதில் நீதிமன்றங்கள் வேறுவேறு கோணங்களில் தீர்ப்புச் சொல்லியிருக்கின்றன. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவை முதியோருக்குச் சாதகமாகத் தாராளமாகப் பார்க்க வேண்டும் என்றது. அந்தத் தாராளத்தை நம்பியிருக்காமல், எழுதும்போதே தெளிவாக எழுதிவிடுவது பாதுகாப்பு.

ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டுத் தவிக்கும் பெற்றோர், 60 வயது ஆனவர்கள், தங்கள் பகுதி வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். அதே இடத்தில் மாதப் பராமரிப்பும் கேட்கலாம். சட்டத்தின் உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய். பராமரிப்பு மனுவை 90 நாளில் முடிக்க வேண்டும் என்பது விதி. பிள்ளை மேல் மனுவா என்று தயங்கி, சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் கையேந்துவது எந்தப் பெற்றோருக்கும் வரக் கூடாது. இந்த வழி சட்டம் அவர்களுக்கென்றே போட்டுக் கொடுத்தது.

நினைவு மங்கும் காலத்துக்கு

“பவர் எழுதி வாங்கிட்டோம், இனி கவலையில்லை” என்று பல பிள்ளைகள் நிம்மதியாக இருக்கிறார்கள். பவர் என்பது தன் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவின்படி, பவர் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் அந்தப் பவரும் முடிந்துபோகும். வேறு சில நாடுகளில் நினைவு போன பிறகும் செல்லும் பவர் உண்டு, டல்லாஸ் மகன் அதைக் கேள்விப்பட்டிருப்பார். இங்கே அது கிடையாது. கால் முடியாத, வெளியே போக முடியாத, ஆனால் புத்தி தெளிவாக உள்ள அம்மாவுக்குப் பவர் உதவும். மறதிநோய் முற்றிய அப்பாவுக்கு உதவாது.

அந்த நிலையில் மீதி இருப்பது நீதிமன்றம்தான். 2024இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் இருவர் அமர்வு, கோமாவில் இருந்த ஒருவரின் மனைவியைக் காப்பாளராக நியமித்து, சிகிச்சைக்கும் குடும்பத்துக்கும் பணம் திரட்டச் சொத்தை விற்க அனுமதித்தது. நல்ல தீர்ப்புதான். ஆனால் மருத்துவமனைக்கும் நீதிமன்றத்துக்கும் இடையே ஒரு மனைவி ஓட வேண்டியிருந்தது.

ஆகவே மறதியின் முதல் அறிகுறிகள் தெரியும்போதே, அதாவது ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது, பில்லை இரண்டு முறை கட்டுவது, தெரிந்த தெருவில் வழி தடுமாறுவது போன்றவை தென்பட்டால், முதியோர் நல மருத்துவரிடம் போங்கள். கிண்டியில் 2024இல் திறக்கப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது. ஆரம்ப நிலை என்று கண்டறிந்தால் எல்லாம் முடிந்துவிட்டதாக அர்த்தமில்லை. என்ன சொத்து, யார் யார் பிள்ளைகள், யாருக்கு என்ன கொடுக்கிறோம் என்று அவர் புரிந்து சொல்ல முடிகிறவரை உயில் எழுதலாம், கணக்கைக் கூட்டுக் கணக்காக்கலாம். அதற்கான மருத்துவச் சான்றை அன்றே வாங்குங்கள்.

வாடகை வருமானம், முதலீடு என்று சொத்து கொஞ்சம் பெரிதாக இருந்தாலோ, காலம் முழுக்கக் கவனிப்புத் தேவைப்படும் பிள்ளை வீட்டில் இருந்தாலோ, ஒரு தனியார் அறக்கட்டளை அமைப்பதைப் பற்றி வழக்கறிஞரிடம் பேசுங்கள். அமைத்தவரின் நினைவு போன பிறகும் அறங்காவலர்கள் தொடர்ந்து செலவு செய்ய முடியும் என்பது அதன் பெரிய நன்மை.

மருத்துவ முடிவுகளுக்குத் தனி ஆவணம் வேண்டும். மீள முடியாத நிலையில் வென்டிலேட்டர் போன்ற உயிர்நீட்டிப்புச் சிகிச்சை வேண்டுமா வேண்டாமா என்று முன்கூட்டியே எழுதிவைக்க 2018இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. 2023இல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியின் சான்று பெற்றால் போதும். தன்னால் சொல்ல முடியாதபோது யார் பேச வேண்டும் என்று பெயர் எழுத வேண்டும். ஐ.சி.யூ. வாசலில் அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் குற்றம் சாட்டாமலிருக்க இந்த இரண்டு பக்கம் உதவும்.

இறப்புக்குப் பிறகு

இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். சென்னை மாநகராட்சித் தளத்திலிருந்து சான்றிதழைப் பதிவிறக்கலாம். அடுத்தது வாரிசுச் சான்று, இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்தால் தாசில்தார் அலுவலகம் தரும். யார் யார் வாரிசு என்பதை மட்டும்தான் அது சொல்லும். நாமினி இல்லாத பெரிய தொகை, பங்குகள் போன்றவற்றுக்கு நீதிமன்றத்தில் வாங்கும் வாரிசுரிமைச் சான்று வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அதன்பின் பட்டா, சொத்துவரி, குடிநீர், மின் இணைப்பு என்று ஒவ்வொன்றாகப் பெயர் மாற்றம். பிள்ளைகள் தங்கள் பங்கை அம்மாவுக்கே விட்டுக்கொடுக்க விரும்பினால் விடுதலைப் பத்திரம் பதியலாம். டல்லாஸ் மகன் வர முடியாவிட்டால் அமெரிக்காவில் உள்ள இந்தியத் துணைத் தூதரகம் வழியாகப் பவர் எழுதி அனுப்பலாம். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்ட வேண்டும். வாரிசாக வரும் சொத்துக்கு வரி உண்டா என்று பலர் கேட்கிறார்கள். இல்லை, அந்த வரி 1985இலேயே நீக்கப்பட்டது. இறந்தவரின் கடைசி வருமான வரிக் கணக்கை மட்டும் வாரிசு தாக்கல் செய்ய வேண்டும். பெற்றோருக்கு மறந்துபோன பழைய கணக்குகள் இருக்குமோ என்று சந்தேகம் இருந்தால் ரிசர்வ் வங்கியின் உத்கம் தளத்தில் பெயர் போட்டுத் தேடுங்கள்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்பதற்காக இதில் எதையும் தள்ளிப்போடாதீர்கள். முதியோருக்கான 14567 என்ற கட்டணமில்லா எண்ணில் ஆலோசனையும், கொடுமைக்குள்ளானவர்களுக்கு உடனடி உதவியும் கிடைக்கும். இலவசச் சட்ட உதவிக்கு 15100. சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் பெண்கள் வருமானம் எவ்வளவு என்ற கேள்வியே இல்லாமல் இலவச வழக்கறிஞரைப் பெறலாம். அம்மா பெயரில் மனுவோ வழக்கோ போட வேண்டியிருந்தால் முதலில் அங்கே கேளுங்கள்.